பகலில் சொல்லாத கதைகள்

யாராவது என்னிடம், "எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நல்ல கதைப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால், எனக்கு உடனே பதில் வருவதில்லை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், "வீட்டில் யாராவது வெளியூர் போயிருக்கிறார்களா?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. கேட்டால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அதனால் அடக்கிக்கொண்டு ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு ஜவ்வாது மலையில் ஒட்டியது.

ஐம்பதுகளின் கடைசியில், ஆலங்காயத்துக்கு மேலே மலையில் இருந்த ஓர் ஊருக்கு என்னை ஆசிரியராகப் போட்டார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் எனக்குத்தான். வாணியம்பாடியில் அத்தாவின் தோல் மண்டியில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்துப் பயிற்சி முடித்து வந்தவன் நான். "தோல் நாத்தம் ஆவலையாம் இவனுக்கு. மேல போவட்டும், கரடி நாத்தம் எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு வரட்டும்" என்று அத்தா வழியனுப்பினார். எனக்கு அப்போது முன்கோபம் அதிகம். இப்போதும் குறைவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பள்ளியில் பாடப் புத்தகங்களைத் தவிர அச்சடித்த தாள் எதுவும் கிடையாது. திருப்பத்தூரில் நூலக அலுவலகத்தில் ஊர்களுக்குப் புத்தகப் பெட்டி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடையாய் நடந்து, கெஞ்சி, ஒரு முறை சண்டையும் போட்டு, ஒரு பெட்டியை வாங்கினேன். பூட்டுப் போட்ட மரப்பெட்டி. உள்ளே சின்னவர்களுக்குப் படப் புத்தகங்கள், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குத் தடித்த கதைப் புத்தகங்கள். அது வந்து இறங்கிய நாளில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. கல்யாணம் ஆனபோதுகூட அத்தனை பேர் என்னைச் சுற்றி நின்றதில்லை.

மறுநாள் காலை ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஊரில் ஒரு தச்சன் இருந்தான்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு சின்னவன் அழவே ஆரம்பித்துவிட்டான். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கத்தினேன். நின்றார்கள். காதிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

அழுதவனின் அம்மா பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்று, என்னிடம் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்:

"வாத்தியாரே, பகல்ல கதை சொல்லாதீங்க. கீழ எறங்கிப் போனவங்க வழி தப்பிடுவாங்க. இவுங்கப்பா காலைலதான் ஆலங்காயம் போயிக்கீறாரு."

அவ்வளவுதான் சங்கதி. மலையிலிருந்து இறங்கிப் போனவர்கள் ஏறி வந்து சேருகிற வரைக்கும் ஊரில் யாரும் கதை சொல்லக்கூடாது. சொன்னால், கதையில் வருகிறவன் போகிற வழியில் இவர்களும் போய்விடுவார்களாம். பொழுது சாய்ந்து எல்லோரும் வீடு வந்து சேர்ந்த பிறகு எத்தனை கதை வேண்டுமானாலும் சொல்லலாம். காட்டுப் பாதையில் கரடி உண்டு, பள்ளம் உண்டு, மழை பிடித்தால் பாதையே இருக்காது. பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. எனக்கு அன்று அதெல்லாம் புரியவில்லை. இதென்ன மூடநம்பிக்கை என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

"அப்போ பாடப் புத்தகத்துல காக்கா கதை படிச்சீங்களே, அது?" என்று மடக்கினேன்.

"அது பாடம் வாத்தியாரே. அடில கேள்வி இருக்குது" என்றான் ஒருவன்.

கேள்வி பதில் போட்டுவிட்டால் எந்தக் கதையும் செத்துப்போகும் என்று அந்தப் பயலுக்குத் தெரிந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். வேறு வழி இல்லாமல் நானும் ஒத்துப்போனேன். பெட்டியைத் திறந்து புத்தகங்களை இரண்டாகப் பிரித்தோம். கதை இல்லாத படப் புத்தகங்கள் பகலுக்கு. ரயில், கப்பல், பறவைகள், பழங்கள். "ஒரு ஊரில்" என்று தொடங்குகிற எதுவும் பொழுது சாய்ந்த பிறகு. எது எந்தப் பக்கம் என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய வழக்கு நடக்கும். ஒரு யானை குளிக்கிற படப் புத்தகம் கதையா இல்லையா என்று ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள். யானை ஆற்றுக்குப் போய்த் திரும்பி வந்துவிடுகிறது, யாரும் வழி தப்பவில்லை, அதனால் பகலில் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதில் முதலில் நான் செருப்புக் கடைக்காரன் மாதிரி அளவு பார்த்துத்தான் கொடுத்தேன். சின்னவனுக்கு மெல்லிசு, பெரியவனுக்குத் தடிசு. ஒன்றும் சரியாக வரவில்லை. மீசை அரும்பிய ஒருத்தன் ரயில் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். அவன் ரயிலைப் பார்த்ததில்லை. நல்ல பிள்ளையாக நடப்பது எப்படி என்று சொல்கிற புத்தகங்களை நான் பரிந்து பரிந்து சிபாரிசு செய்வேன். அவை போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். பசு மாட்டுப் படம் போட்ட அழகான புத்தகம் ஒன்று இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், "மடியே இல்லாத மாடு வாத்தியாரே. கன்னுகுட்டி எதக் குடிக்கும்?" என்றார்கள். பார்த்தேன். உண்மைதான். படம் போட்டவர் பட்டணத்துக்காரர் போலிருக்கிறது.

சட்டையும் டிரவுசரும் போட்ட கரடி ஒன்று குடை பிடித்துக்கொண்டு போகிற படப் புத்தகத்தையும் நான் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். ஒரு பையனின் சித்தப்பாவைக் கரடி தோளில் கீறியிருந்தது. அவர் வீட்டுக்குப் போய் இதைக் காட்டி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்தப் பையனே தேடி எடுத்துக் கொண்டுபோனான். மறுநாள் சித்தப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அடிக்க வருகிறார் என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு சட்டை தெச்சிக் குடுத்தவன் எவன் வாத்தியாரே? பட்டன் போட்டவன் கை இருக்குதா, போச்சா?"

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் பெட்டியில் இருந்ததைவிட அவர் வீட்டில் இருந்த நாட்கள்தான் அதிகம். யாருக்கு எது பிடிக்கும் என்று நினைத்துத் தீர்மானித்துவிடும் பழக்கம் அதோடு எனக்குப் போயிற்று. பிள்ளைகள் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, கேட்டால் மட்டும் வாயைத் திறப்பேன். கேட்காமல் இருந்தால் வாய் அரிக்கும். அடக்கிக்கொள்வேன்.

பெரிய கதைப் புத்தகங்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். பத்து, பதினோரு வயதுப் பெண். வீட்டில் மாடு மேய்க்கிற வேலை அவளுக்கு. பள்ளிக்கு வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. படப் புத்தகங்களை எல்லாம் சீக்கிரமே முடித்துவிட்டு, "தடியா இருக்கறதுல மாடு வர்றது இருக்குதா?" என்று கேட்டாள். பெட்டியின் அடியில் ஒன்று இருந்தது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன தங்கள் கன்றுக்குட்டியைத் தேடி, அக்காவும் தம்பியும் ஆற்றங்கரையோடு ஊர் ஊராக நடக்கிற கதை. எடுத்துக் கொடுத்தேன். நான் சிபாரிசு செய்து முதல் தடவையிலேயே பொருந்திய புத்தகம் அந்த ஒன்றுதான்.

அவள் இரவு வரைக்கும் காத்திருக்கவில்லை. வாயால் சொன்னால்தானே குற்றம், கண்ணால் படித்தால் என்ன என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மாட்டை மேய விட்டுவிட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு கையால் புத்தகத்தையும் இன்னொரு கையால் வாயையும் பிடித்துக்கொண்டு படிப்பாள். எழுத்துக்கூட்டும்போது உதடு தன்னால் அசைந்துவிடுமே, அதற்காக வாயில் கை. பொழுது சாய்ந்ததும், அவளுடைய அப்பா வீட்டில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, அன்று படித்ததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வாள். என் அறைக்கு முன்னால்தான் கூடுவார்கள். அரிக்கேன் விளக்கு என்னுடையது. கதை அவளுடையது. நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். நான் அந்தப் புத்தகத்தை ஏற்கனவே படித்திருந்தேன். அவள் சொல்லும்போது இன்னும் நன்றாக இருந்தது.

இப்படியே எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, நூலக அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

காட்டு ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு, அங்கிருந்து மேடேறி நடந்து வந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. கூடவே ஒரு பியூன். வந்த விஷயம் சுருக்கமானது. பெட்டிகள் குறைவு, கேட்கிற ஊர்கள் அதிகம். பிள்ளைகள் படிக்கிற ஊரில் பெட்டி இருக்கும், புதுப் பெட்டியும் வரும். படிக்காத ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நியாயமான பேச்சுதான். மனிதரும் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வந்தது புளி காலத்தில், சந்தை நாளில், மதியத்தில். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் புளி மூட்டையோடு ஆலங்காயத்துக்கு இறங்கியிருந்தார்கள்.

பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் முதலில் படப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் உற்சாகமாக, ரயிலுக்கு எத்தனை சக்கரம், கப்பலில் புகை எங்கிருந்து வருகிறது, மாட்டுக்கு மடி இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, "சரி, இதுல இன்னா கதை? சொல்லுங்க பாப்போம்" என்றார்.

வகுப்பு அப்படியே ஊமையாகிவிட்டது.

இன்னொன்றை எடுத்தார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதாக அந்தக் கன்றுக்குட்டிப் புத்தகத்தையே எடுத்து நீட்டினார். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ படிச்சியாம்மா?" என்றார். தலையை ஆட்டினாள். "அப்போ சொல்லு." தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அவரைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "வாத்தியாரே, இந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் போவணும்னுதானே புஸ்தகமே அனுப்பறோம்? நீங்களே இதுக்குத் தாளம் போடறீங்களே" என்றார். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானே இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன். அதனால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"பொழுது சாயற வரைக்கும் இருங்க சார். போதும் போதும்னு நீங்களே சொல்ற அளவுக்குச் சொல்லுவாங்க."

"இருட்டினா ஜீப் எறங்க முடியாது. இன்னும் ரெண்டு ஊர் பாக்கணும் நானு."

வகுப்புக்குத் திரும்பி வந்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் சொல்லியிருப்பாள். மலையில் வாத்தியார் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. பெட்டி போய்விட்டால் மறுபடி வராது என்று எனக்குத் தெரியும். "இந்த ஒரு தடவை சொல்லும்மா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கண் என்னை விட்டு ஜன்னல் வழியாகப் பாதைக்குப் போயிற்று. பாதை காலியாக இருந்தது. அந்தப் பாதையில் அவள் அப்பா வர வேண்டும்.

"உக்காரும்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். பியூன் பெட்டியைப் பூட்டினான். எனக்கு அழுகை வராத குறை. ஆனால் அவளைச் சொல்ல வைக்கவில்லை என்பதில் மனசு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

பெட்டி கனம். பியூன் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கத்தை நானே பிடித்துக்கொண்டு ஜீப் வரைக்கும் இறங்கினேன். அலுவலர் முன்னால் போனார். பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண். போ என்றேன். போகவில்லை.

ஜீப் நிற்கிற இடத்தை நெருங்கும்போது, வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருக்கும்போதே, கீழேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. சந்தைக்குப் போனவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். புளி போன இடத்தில் உப்பும் மண்ணெண்ணெயும் தலையில் இருந்தன. ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி மேலே போனார்கள். அந்தப் பெண் பாதை ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் அப்பா வந்ததும் நகரவில்லை. கடைசி ஆள் வருகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு, "அப்பா, இன்னும் யாருன்னா கீழ இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சி. இன்னாத்துக்கு?" என்றார் அவர், தலையில் உப்பு மூட்டையோடு.

அவள் அலுவலரிடம் திரும்பினாள். மூச்சு வாங்கியது.

"சார், இப்போ சொல்றேன்."

அவர் ஜீப்பில் ஏற ஒரு காலை வைத்திருந்தார். "இப்போ மட்டும் எப்டி?" என்றார்.

"எல்லாரும் வந்துட்டாங்க இல்ல."

அப்படியே ஆரம்பித்துவிட்டாள். வெள்ளம் வந்தது, கன்று போனது, அக்காவும் தம்பியும் அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பியது. அக்கா பேச வேண்டிய இடத்தில் அக்கா குரல், தம்பிக்குத் தம்பி குரல். ஆற்றங்கரையில் அவர்களை ஏமாற்றிய ஓடக்காரனுக்கு ஒரு கரகரப்பு. பியூன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அப்பா மூட்டையை இறக்கக்கூட மறந்து நின்றார். அலுவலர் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் கொடுத்தவன் நான் என்று அந்தக் காட்டுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய வீட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தங்கள் கன்றின் மணிச் சத்தம் கேட்கிறது. கதவு வெளியே பூட்டியிருக்கிறது. தம்பி கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறான்.

அங்கே நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் அலுவலர்.

"தெரியாதுங்க."

"தெரியாதா? உள்ள இருந்தது அதே கன்னுதானா?"

"அதுக்கு மேல இன்னும் படிக்கல சார். நீங்கதான் எடுத்துக்கினு போறீங்களே."

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பியூனை எழுப்பி, பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். கடைசிப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிப் படித்தார். படித்துவிட்டு, முகம் மலர்ந்து, சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லிடாதீங்க சார்!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. "நானே படிச்சிக்கிறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். பெட்டியைக் காட்டி என்னிடம், "மேல எடுத்துக்கினு போங்க வாத்தியாரே. அடுத்த பெட்டியில தடிசா நாலு அதிகமா வெக்கச் சொல்றேன்" என்றார்.

தூக்க ஆள் இல்லாமல் நான் விழித்தேன். அவள் அப்பா உப்பு மூட்டையை இறக்கி என் தோளில் சாத்திவிட்டு, பெட்டியைத் தன் தலைக்கு ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவள் எங்களுக்கு முன்னால், புத்தகத்தைப் பிரித்தபடி நடந்தாள். கல்லில் கால் இடறும்போதெல்லாம் அவர் பின்னாலிருந்து, "பாத்து நட, பாத்து நட" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புத்தகத்தை மூடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.